கட்டைக்குள் சத்தம் இல்லை

பீன்யாவில் பகலில் எந்திரத்துக்குக் கட்டளை எழுதும் ஓர் இளைஞர், இரவில் பாட்டுக்கும் எழுதக் கற்றுக்கொண்டார். அந்தப் படிப்பு அவர் காதைப் பற்றி ஒரு செய்தியையும் சொல்லிவிட்டது.

பெங்களூரின் பீன்யாவில் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் கொஞ்சம் அமைதி கிடைக்கும். மற்ற நாட்களில் பவர் பிரஸ்களின் இடி, கிரைண்டர்களின் கிறீச்சல், தும்கூர் ரோட்டில் இரவெல்லாம் லாரிகள், தலைக்கு மேலே 2014இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில். ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று என்ற பெருமைக்குப் பீன்யா கொடுக்கும் விலை இந்த இரைச்சல். நட்டு, போல்ட்டு முதல் விமான உதிரிபாகங்கள்வரை இங்கே கடைந்தெடுக்கப்படுகின்றன. இஸ்ரோ தன் செயற்கைக் கோள்களோடு பேசும் நிலையமும் இங்கேதான் இருக்கிறது.

அப்படி ஒரு ஞாயிறு இரவில், ராஜகோபால் நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார். கையில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பெட்டி. அதில் 25 கட்டைகள், எட்டு ரப்பர் பட்டன்கள், எட்டுத் திருகுகள். "ஏழாயிரத்துச் சொச்சம் குடுத்து வாங்கினேன் சார். எந்தக் கட்டையை அமுக்கினாலும் சத்தமே வரமாட்டேங்குது. ஏமாத்திட்டான்போல" என்றார். கூடவே ஓர் ஆங்கிலக் கையேடு. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பது அவருக்குத் தெரியும்.

அவருக்கு வயது 26. போளூர்ப் பக்கத்துக் கிராமம். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு, இங்கே ஒரு பிரஸ் ஷாப்பில் நான்கு வருடம் வேலை பார்த்தார். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் சி.என்.சி. எந்திரத்தில் செட்டர். இரண்டுமே ஒப்பந்தக்காரர் மூலம் கிடைத்த வேலை. பெயர் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. மிடி கீபோர்டு என்று விற்கப்படும் இந்தச் சின்னப் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்குள் ஸ்பீக்கரும் கிடையாது, சத்தமும் கிடையாது. யு.எஸ்.பி. ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தால், எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற தகவலை மட்டும் அனுப்பும். சத்தத்தை உண்டாக்குவது கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள். அக்காய், கோர்க், ஆர்டூரியா என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் கதை இதுதான். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இது இருந்தது. நான் படித்துச் சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அட, நம்ம மெஷின் கணக்கா!" என்றார்.

கடந்த பல ஆண்டுகளில் மிடிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. சி.என்.சி. எந்திரத்துக்குப் போகும் புரோகிராமில் இரும்பு இருக்காது. "இன்ன இடத்துக்கு, இன்ன வேகத்தில் போ" என்ற கட்டளை மட்டும் இருக்கும். ஜி 01, எக்ஸ் 50, எஃப் 0.2 என்று எழுதினால் வெட்டுளி அந்த இடத்துக்கு நகரும். மிடியிலும் அப்படியே: இந்தச் சேனல், 60ஆம் எண் சுரம், வேகம் 100. மூன்று எண்களில் ஒரு சுரம் முடிந்துவிடுகிறது. அதே மூன்று எண்களுக்கு வயலினும் பாடும், வீணையும் பாடும், எதை இணைத்திருக்கிறீர்களோ அது பாடும்.

இந்த ஏற்பாடு பிறந்த கதையும் ஒரு தொழிற்பேட்டைக் கதைதான். 1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு சின்தசைசர் நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பு முறையை வைத்திருந்தது. ஒருவருடைய பெட்டி இன்னொருவருடைய பெட்டியோடு பேசாது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் போட்டியாளர்களாக இருந்தும் பொதுவான ஒரு மொழிக்காக முயன்றார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடியது. இதற்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது. ககேஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் காலமானார்கள். மொழி மட்டும் நிற்கிறது. 2020இல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டாலும், எங்கள் பெட்டி பேசியது பழைய பதிப்பைத்தான்.

பழைய கேபிளில் விநாடிக்கு 31,250 பிட்டுகள் போகும். ஒரு சுரத்தின் மூன்று எண்களுக்கு 30 பிட்டு. அதாவது ஒரு சுரம் போய்ச்சேர விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அப்படியிருந்தும் எங்கள் முதல் நாள் பாட்டு தள்ளாடியது. கட்டையை அழுத்தினால் ஒரு யோசனைக்குப் பிறகுதான் சத்தம் வந்தது. வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போட வேண்டியவர் வெற்றிலை மென்றுகொண்டே போடுவதுபோல.

தாமதம் கேபிளில் இல்லை, கம்ப்யூட்டரில். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப் அது. ஒலியை அவ்வப்போது கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். விநாடிக்கு 44,100 ஒலித் துணுக்குகள் என்ற கணக்கில், 1,024 துணுக்குகளாகச் சேர்த்து அனுப்பினால் அதற்கே 23 மில்லிவிநாடி போய்விடும். 128 என்று வைத்தால் மூன்று மில்லிவிநாடி. ஆனால் பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கி, ஒலி கரகரக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஓர் அசியோ டிரைவரைப் போட்டு, 256இல் சமாதானம் செய்துகொண்டோம். ஆங்கிலத்தில் 'லேட்டன்சி' என்ற இந்தச் சங்கதிக்கு நான் வைத்த பெயர் 'சுணக்கம்'. கலைச்சொல் அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு அந்தச் சொல்தான் உடனே புரிந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்ட மென்பொருள் ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். அதன் கையேடு 400 பக்கங்களுக்கு மேல். வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ஞாயிறுக்கு நான்கைந்து பக்கம். இந்த வேகத்தில் கையேட்டை முடிக்கும்போது எனக்குப் பென்ஷன் வயது வந்துவிடும். (மொழிபெயர்ப்பாளனுக்குப் பென்ஷன் யார் தருகிறார்கள் என்பது வேறு விஷயம்.) நல்லவேளை, தேவைப்பட்டது கொஞ்சம்தான். ஒரு டிராக்கைத் திற. அதில் ஒரு கருவியை ஏற்று. சிவப்புப் பொத்தானைப் போட்டுப் பதிவுக்குத் தயாராக்கு. உள்ளீடு என்ற இடத்தில் உன் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடு. கேட்கும்படி மானிட்டரைத் திற. இந்த வரிசையில் ஒன்று விட்டுப்போனாலும் மௌனம்தான். கற்றுக்கொள்பவர்கள் முக்கால்வாசிப் பேர் கைவிடுவது இந்த மௌனத்தில்தான் என்பது என் அனுமானம்.

'வெலாசிட்டி' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். பள்ளிப் பாடநூலின்படி அது 'திசைவேகம்'. கீழே மட்டுமே போகும் கட்டைக்கு ஏது திசை? 'அழுத்தம்' என்று முதலில் எழுதினேன். அதுவும் தவறு. கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொடுவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் கருவி அளக்கிறது. எனவே வெறும் 'வேகம்' போதும். அது 1 முதல் 127 வரை. பூஜ்யம் என்று வந்தால் விரலை எடுத்துவிட்டதாகப் பொருள்.

வெள்ளைக் கட்டையில் ஏழு பாலை

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. முதுகலைத் தமிழில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை பாடம். ஏழு பாலைகள், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறை, எல்லாவற்றையும் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டோம். 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூ'லையும் நூலகத்தில் புரட்டியதுண்டு. மதிப்பெண் வந்தது, இசை வரவில்லை. வகுப்பில் யாரும் ஒரு சுரம்கூடப் பாடிக் காட்டவில்லை.

இருபது வருடங்களுக்கு மேலான பிறகு, பீன்யாவில் 25 கட்டை வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் அது விளங்கியது. கறுப்புக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். வெள்ளைக் கட்டைகளில் மேற்கத்தியர் 'ஜி' என்று சொல்வதைச் சட்ஜமாக வைத்து மேலே போனால் அரிகாம்போதி. இசைத்தமிழ் ஆய்வாளர்கள் பலர் செம்பாலை என்று அடையாளம் காட்டுவது இதைத்தான். அடுத்த கட்டையைச் சட்ஜமாக்கினால் நடபைரவி, அதாவது படுமலைப்பாலை. அதற்கடுத்தது பஞ்சமம் இல்லாமல் நிற்கும் செவ்வழிப்பாலை. அப்புறம் அரும்பாலை என்னும் சங்கராபரணம், கோடிப்பாலை என்னும் கரகரப்பிரியா, விளரிப்பாலை என்னும் தோடி, மேற்செம்பாலை என்னும் கல்யாணி. அதே ஏழு கட்டைகள், புறப்படும் இடம் மட்டும் வேறு. இளங்கோவடிகளை வியப்பதா, பேராசிரியர்களை நொந்துகொள்வதா என்று தெரியவில்லை. அன்று இரவு நான் தூங்கப் போனபோது மணி இரண்டு.

ஆனால் தோடியின் சுரங்கள் வந்தனவே தவிர, தோடி வரவில்லை. கமகம் இல்லாத தோடி, தாளிக்காத சாம்பார். கட்டை வைத்த கருவிகள் மீது நம் இசை உலகத்துக்கு உள்ள பழைய மனக்குறை இது. இதே காரணத்தால்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. எண்சுவட்டில் பன்னிரண்டு கட்டைகள் போதுமா என்ற வழக்கு அதற்கும் மூத்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதிகள் என்று வாதிட்டார்.

மிடி இந்தக் குறையை ஒரு சக்கரத்தால் பாதி தீர்க்கிறது. சுரத்தை வளைக்கும் அந்தச் சக்கரத்துக்கு 16,384 படிகள். வழக்கமாக மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை தூரத்துக்குச் சுரம் வழுக்கும். சென்னையின் கே. சத்தியநாராயணன் கீபோர்டில் முழுநீளக் கர்நாடகக் கச்சேரிகளே செய்கிறார். அதில் இந்தச் சக்கரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் பெட்டியில் சக்கரத்துக்குப் பதில் கட்டைவிரல் அளவில் ஒரு குமிழ். அதை வைத்து நான் வாசித்த தோடியைக் கேட்டு, "பஸ் ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு சார்" என்றார் நண்பர்.

எந்திரக்காரர்கள் இசைக்கு வருவது பெங்களூருக்குப் புதிதல்ல. எச்.ஏ.எல்.லில் பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ராஜ் நாராயண்தான் 1970களின் இறுதியில் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கி, ரேடல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அத்தகைய பெட்டி இல்லாத பாட்டு வகுப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நண்பரின் ஆசை ராகம் இல்லை. பம்பை. அவருடைய மாமா ஊரில் பம்பைக் கலைஞர். ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில், ஒன்றோடொன்று கட்டிய அந்த இரட்டை முழவு இல்லாமல் சாமி வராது. எங்களிடம் இருந்த தாளக் கருவிகளில் காங்கா இருந்தது, ஜப்பானியத் தைக்கோ இருந்தது, தபலா இருந்தது. பம்பை இல்லை. "நம்மூர் சாமிக்கு இவன்கிட்ட மேளம் இல்ல சார்" என்றார். மாமாவைச் செல்போனில் அடி அடியாக வாசித்து அனுப்பச் சொன்னார். ஒவ்வோர் அடியையும் வெட்டி எடுத்து, எட்டு ரப்பர் பட்டன்களில் ஒவ்வொன்றாக ஏற்றினார். இரும்பில் மைக்ரான் பார்த்து வெட்டிப் பழகிய கைக்கு ஒலியை வெட்டுவது பெரிய வேலை இல்லை.

பட்டன்களில் வாசித்துப் பதிவு செய்ததும் எங்கள் கண்ணில் பட்டது 'குவாண்டைஸ்' என்ற பொத்தான். முன்பின்னாக விழுந்த அடிகளை எல்லாம் கட்டத்துக்குள் நேராக நிறுத்திவிடும். அழுத்தினார். எல்லாம் அட்டென்ஷனில் நின்றது. மாமாவுக்கு அனுப்பினால், "யாருடா வாசிச்சது? செத்தவன் வாசிச்ச மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. திஸ்ர நடைக்காக மூன்று மூன்றாகப் பிரித்த கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நூறு சதவீதத்துக்குப் பதில் ஐம்பது சதவீதம் மட்டும் இழுத்தபோது கொஞ்சம் உயிர் வந்தது. பட்டறையில் இதை டாலரன்ஸ் என்பார்களாம். எவ்வளவு பிசகலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு.

நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

வீட்டுக்காரம்மாள் ஒருநாள் மாடியேறி வந்து, "ஸ்வல்ப மெல்லகே" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் வேலை ஹெட்போனுக்கு மாறியது. ஒரு மாதம் கழித்துத் தன் பாட்டைக் கேட்கச் சொல்லி ஹெட்போனை என் தலையில் மாட்டினார். இரண்டாவது விநாடியே கழற்றிவிட்டேன். பம்பை அழகாக இருந்தது. அதற்கு மேலே ஜால்ரா, காதுக்குள் ஊசி ஏற்றியதுபோல.

"ஜால்ரா ரொம்ப அதிகம் தம்பி."

"இல்ல சார், இப்பத்தான் லேசா கேக்குது."

திரையில் பார்த்தோம். மற்ற எல்லாம் 70, 80 வேகத்தில் இருக்க, ஜால்ரா அடிகள் மட்டும் வரிசையாக 120, 125. ஒலியளவுக் கம்பியும் மேலே. அலைவரிசையைப் படமாகக் காட்டும் கருவியைத் திறந்தால், உச்ச அலைவரிசைகளில் ஒரு மலை. மென்பொருளில் ஒற்றைச் சுரம் எழுப்பும் வசதி ஒன்று உண்டு. 1,000 ஹெர்ட்ஸ் வைத்தேன், கேட்டது. 2,000, கேட்டது. 4,000 வைத்தபோது, "போட்டுட்டீங்களா?" என்றார்.

ஹெட்போனும் லேப்டாப்பும் மருத்துவப் பரிசோதனை ஆகிவிடாது. காது மருத்துவரிடம் போனார். ஆடியோகிராம் என்ற கோட்டுப்படம் இரண்டு காதுக்கும் ஒரே வடிவத்தில் வந்தது. சமதரையாக வந்த கோடு 4,000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் இறங்கி, 8,000இல் மறுபடி ஏறியது. இரைச்சலில் வேலை செய்பவர்களின் காதுக்கு அந்தப் பள்ளம் கிட்டத்தட்டக் கையெழுத்து மாதிரி. மூப்பினால் வரும் செவிட்டுத்தன்மையில் கோடு இறங்கிக்கொண்டே போகும், ஏறாது. ஒவ்வொரு காதுக்குள்ளும் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. செத்தால் மறுபடி முளைக்காது. மருந்தும் இல்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

இத்தனை நாள் தெரியாமல் இருந்தது எப்படி? அதுதான் இந்தக் குறையின் தந்திரம். பெரிய பியானோவின் கடைசிக் கட்டை, 88ஆவது கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். பாட்டின் மெட்டு முழுவதும் அதற்குக் கீழே நடந்து முடிந்துவிடுகிறது. பள்ளத்தில் விழுவது ஜால்ராவின் கூர்மை, பேச்சில் ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் மினுக்கு. பழைய தொலைபேசி இணைப்புகளே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தின என்பதையும் நினைத்துப்பாருங்கள். அந்த ஒலிகள் குறைந்தாலும் பேச்சைப் புரிந்துகொண்டுவிடுகிறோம். நேரில், நாலு பேர் நடுவில், "என்ன சொன்னீங்க?" என்று இரண்டாம் தரம் கேட்பதைப் பட்டறைச் சத்தத்தின் மேல் போட்டுவிடலாம். அவரும் அப்படித்தான் போட்டார்.

பிரஸ் ஷாப்பில் நான்கு வருடம் காதுக்கு எதுவும் போட்டதில்லை. கொடுக்கவும் இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகள் வைத்த எல்லை. உலகின் பல நிபுணர்கள் 85ஏ அதிகம் என்கிறார்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. ஆனால் நஷ்டஈடு கேட்க, அங்கே வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுத்தது கையில் பணமும், டைரித் தாளில் ஒரு கணக்கும். "இப்ப கேட்டா இந்த வேலையும் போயிடும் சார். இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்." பெயர் வேண்டாம் என்று அவர் சொன்ன காரணம் இதுதான். வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

இப்போது மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சுபோன்ற நுரை அடைப்பானைக் காதில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார். கூட வேலை செய்யும் இரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுத்தார். ஒருவர் வைத்துக்கொள்கிறார், மற்றவர் கேலி செய்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் ஹெட்போனுக்குச் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். எனவே ஹெட்போன் அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. வீட்டுக்காரம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதில், ஞாயிறு பகலில் ஸ்பீக்கருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

வாசிப்பதை அவர் விடவில்லை. மிடியில் ஒவ்வோர் அடியும் திரையில் எண்ணாக நிற்கிறது. காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்கிறது. மீட்டரைப் பார்த்து லேத்தை ஓட்டுபவருக்கு இது புதிதல்ல. ஜால்ராவுக்கு மட்டும் என் காதைக் கடன் வாங்கிக்கொள்கிறார். நான் கேட்டுக் கேட்டுக் குறைக்கச் சொல்லி, கடைசியில் 50 என்று நிறுத்தினோம். பம்பை, உடுக்கை, நாதஸ்வரத்துக்குப் பதில் ஒரு மலிவான ஷெனாய் ஒலி, எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடப் பாட்டு தயாரானது. ஆடி முதல் வெள்ளிக்கு முன்னால் ஊருக்கு அனுப்பினார்.

மறுநாள் மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கச் சொன்னார் நண்பர்.

"பம்பை நல்லா வந்திருக்குடா. ஆனா ஜால்ராவே கேக்கலியே?"

நண்பர் என்னைப் பார்த்தார். "அம்பத்தெட்டு போடட்டா சார்?"

"அறுபது போடுங்க" என்றேன்.